பக்கத்துப் புள்ளி

அனைவரும் வரலாம் என்றுதானே போட்டிருந்தது, பிறகென்ன, எவன் கேட்பான், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி தணிகாசலம் மூன்றாவது முறையாகத் தனக்குள் சொல்லிக்கொண்டான். ஒருவரும் கேட்கவில்லை. அதுவே அவனுக்கு ஆத்திரமாக இருந்தது. கீழே கேட்டில் செக்யூரிட்டிகூட, "வைவாவா சார், மாடியேறி லெஃப்ட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் குனிந்துவிட்டான். சண்டைக்கென்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த நாலு வார்த்தையும் வாயிலேயே புளித்துப்போயின. சட்டைப்பையில் அந்த உறை இருந்தது. தொட்டுப் பார்த்தான். பல்கலைக்கழக முத்திரை, கம்ப்யூட்டரில் அடித்த முகவரி, திருமதி சுகந்தி தணிகாசலம், அப்புறம் அவன் வீட்டுக் கதவு எண், தெரு. அவளும் அவனும் ஒரே வரியில் வந்து ஆறு வருஷமாகிறது. விவாகரத்துக் காகிதத்தில்கூட முதலாம் மனுதாரர், இரண்டாம் மனுதாரர் என்று வரி பிரித்துத்தான் எழுதினார்கள். உறைக்குள் ஒற்றைத் தாள். ஆராய்ச்சியை முடித்தவர் தேர்வாளர்கள் முன்னாலும் பொதுமக்கள் முன்னாலும் நின்று பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வு, அதுதான் வைவா, இன்ன நாள், காலை பத்தரை, ஆர்வமுள்ள அனைவரும் வரலாம். அவளுக்குப் போக வேண்டிய தாள் அவன் வீட்டுக்கு எப்படி வரும்? கேஸ் சிலிண்டர் புக்கில் முகவரியை மாற்றினாள், பாங்கில் மாற்றினாள், ஆதாரில் மாற்றினாள், வோட்டர் லிஸ்டிலிருந்துகூடப் பெயரைப் பெயர்த்துக்கொண்டு போனாள். ஒரு பேனாவின் மூடியை இன்னொரு பேனாவுக்குப் போடாத பொம்பளை. அப்பேர்ப்பட்டவள் இந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய முகவரியை விட்டுவைத்தாள் என்றால் அது மறதியா? மறதியாவது! கூப்பிட்டிருக்கிறாள். வாயால் கூப்பிட மாட்டாள், அவள் வைராக்கியம் அவனுக்குத் தெரியாதா, தபாலால் கூப்பிட்டிருக்கிறாள். இந்த ஒன்றை அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு போய்விடத்தான் கடையைச் சாத்திவிட்டு வந்தான். கூப்பிட்டாளா, இல்லையா. அவ்வளவுதான். வேறொன்றும் வேண்டாம். வேண்டாமா? வேண்டாம்.

ஏசிக் குளிர் முழங்காலுக்குள் இறங்கியது. திரையில் ஆங்கிலத் தலைப்பு மூன்று வரிக்கு ஓடியது. அதில் 'லோ' என்பதும் 'ஒயர்லெஸ்' என்பதும்தான் அவனுக்குப் பிடிபட்டன. அதன் கீழே ஆர். சுகந்தி. முன்னெழுத்து அவள் அப்பாவுடையதாகத் திரும்பியிருந்தது. ராஜமாணிக்கம் செத்துப் பத்து வருஷம் ஆகிறது, செத்தவர் எழுந்து வந்து இடம் பிடித்துக்கொண்டார், உயிரோடு இருக்கிறவன் வெளியே. சரி, விடு. அவள் மேடையில் நின்றாள். முன்நெற்றியில் நரைத்திருந்தது. கண்ணாடி புதிது. கருநீலப் புடவை, அவன் வாங்கித் தந்ததில்லை. அவன் வாங்கித் தந்ததில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, அதுவல்லவா அடையாளம் என்று நினைத்தான். உடனே, ஒன்றையுமே அவள் எடுத்துக்கொண்டு போகவில்லையே, பீரோவின் கீழ்த்தட்டில் எல்லாம் அப்படியே அல்லவா கிடக்கின்றன என்பதும் நினைவுக்கு வர, அந்த இரண்டாவது நினைப்பைத் தள்ளிவிடுகிறவன்போல முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்தான். அவள் பேசிக்கொண்டே போனாள். ஒரே மூச்சில் பத்து வாக்கியம், பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இத்தனை வாக்கியம் தொடர்ந்து பேசி அவன் கேட்டதில்லை. மூன்றாவதில் அவன் புகுந்துவிடுவான். விஷயத்துக்கு வா என்பான். எவ்வளவு, எப்போ, அதைச் சொல்லு என்பான். அவனுடைய பேச்சு அப்படி. எட்டாவதோடு நின்றவன், மீதிப் படிப்பெல்லாம் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஏமாந்து ஏமாந்து, எவனெவனோ தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. செல்போன் டவரிலிருந்து இறக்கின பழைய சாமான்தான் வியாபாரம். அதனால் திரையில் வரிசையாக நான்கு ஆன்டெனா வந்து நின்றபோது மட்டும் நிமிர்ந்தான். அது தெரியும். அந்த நீளப் பெட்டியை விரலால் தட்டியே உள்ளே என்ன உலோகம், எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவான். அதற்குள் ஒரு காலத்தில் யார் யாருடைய பேச்சோ போய்க்கொண்டிருந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"ஒரு நிமிஷம்மா" என்று முன்வரிசையில் கை உயர்ந்தது. அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் ரங்கபாஷ்யம் என்று வாசலில் ஒட்டியிருந்தது. "பின்னாடி வெளியாள் ஒருத்தர் வந்திருக்கார் போலிருக்கு. பப்ளிக் வைவான்னு பேர்தான், முப்பது வருஷத்துல நிஜமான பப்ளிக்கை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். அவருக்காக ரெண்டு நிமிஷம் தமிழ்ல சொல்லிடுங்களேன்." சிரிப்பு எழுந்தது. இருபது தலை திரும்பிப் பார்த்தன. அவளும் பார்த்தாள். அரை விநாடி. கண்ணாடிமேல் விளக்கு விழுந்ததால் கண் தெரியவில்லை. கையிலிருந்த கருவியின் சிவப்புப் பொட்டு திரையில் ஒருமுறை நடுங்கியது. நடுங்கியதா? நடுங்கியது. சத்தியமாகப் பார்த்தான். அவள் அவன் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "ஒரே நேரத்துல நாலு பேர் பேசுறாங்கன்னு வச்சுக்கோங்க. நாலு காது கேக்குது. ஒவ்வொரு காதுலயும் நாலு பேச்சும் கலந்துதான் விழும். அதுக்கு மேல இரைச்சல் வேற. யார் என்ன சொன்னாங்கன்னு பிரிச்சு எடுக்கணும். அனுப்பக்கூடியது எல்லாம் இதோ, இந்த மாதிரி வரிசையா இருக்கிற புள்ளிகள். ஆனா வந்து விழுறது புள்ளிமேலயே விழாது, தள்ளி விழும். எந்தப் புள்ளி கிட்டக்க இருக்கோ அதைத்தான் அனுப்பினாங்கன்னு எடுத்துக்கணும். ஒவ்வொரு புள்ளியா அளந்து பார்த்தா சரியா வரும், ஆனா அதுக்கு நேரமும் இல்ல, போன்ல அவ்வளவு பேட்டரியும் இல்ல. அவசரத்துல உத்தேசமா ஒண்ணை எடுத்தா? பாதை நல்லா இருந்தா தப்பு வராது. ரெண்டு பேச்சு கிட்டத்தட்ட ஒரே பக்கமா சாஞ்சு வந்துதுன்னு வைங்க, துளி இரைச்சல் போதும், எங்கேயோ இருக்கிற புள்ளியைப் பக்கத்துப் புள்ளின்னு எடுத்துடும்." பிறகு திரையில் சாய்ந்து நெருங்கிக் கிடந்த இரண்டு நீள அம்புக்குறிகள் மறைந்து, குட்டையாக, ஒன்றுக்கொன்று குறுக்காக வேறு இரண்டு வந்தன. "நாங்க புள்ளிகளைத் தொடல. அளக்கிற கோலை மட்டும் மாத்துறோம். அதே புள்ளிதான். இப்ப உத்தேசமா எடுத்தாலும் பெரும்பாலும் சரியா வரும். செலவும் கம்மி." செலவும் கம்மி! அடி சக்கை, யார் வாயிலிருந்து யார் வார்த்தை வருகிறது பார் என்று அவனுக்கு நெஞ்சு பொங்கியது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் தொடையைத் தட்டியிருப்பான்.

பொங்கினது அப்படியே நின்று, மெல்லக் கசந்தது. ஒரே பக்கமாகச் சாய்ந்து வந்தால் என்றாளே. அவள் வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வஞ்சிரக் குழம்பு, அவன் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தான். அவள் பாலிடெக்னிக்கில் கெஸ்ட் லெக்சரர், அன்று காலையிலிருந்தே ஏதோ சொல்ல வந்து வந்து சமையற்கட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். "எனக்கு இடம் கிடைச்சிருக்குங்க. முழு நேர ஆராய்ச்சி. மூணு வருஷம், நாலுகூட ஆகலாம். நீங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்." இவ்வளவுதான் அவள் சொன்னது. இப்போது எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் இவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவன் காதில் விழுந்தது வேறு: எட்டாங்கிளாஸுக்குக் கஞ்சி காய்ச்சிப் போட்டது போதும், நான் மேலே போகிறேன். அவள் சொல்லாததை அவன் கேட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான். "முப்பத்தேழு வயசுல புஸ்தகப் பையா? தெரு சிரிக்காது? ஒண்ணு வீடு, இல்ல அது. ரெண்டுல ஒண்ணு சொல்லு. போறதுன்னா போ!" அவனுக்குள்ளும் அன்று இரண்டு இருந்தன. அவள் நாலு வருஷம் பகலெல்லாம் இல்லாமல் போவாளே என்ற பயம் ஒன்று, ஆத்திரம் ஒன்று. இரண்டும் ஒட்டிச் சாய்ந்துகொண்டு ஒரே வாய் வழியாக வந்ததில் அவளுக்கு மட்டும் பயம் எங்கே தெரிந்திருக்கும். ஆத்திரம்தான் கிட்டத்தில் இருந்திருக்கும். போறதுன்னா போ. கடையில் அது அவன் வித்தை. ஆள் விலையில் முறுக்கும்போது கையை உதறி, போறதுன்னா போங்க சார், என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் நாலாவது அடியில் திரும்புவான். இருபது வருஷத்தில் தப்பினதில்லை. எட்டாவது அடியில் திரும்பினவனும் உண்டு, முக்குவரைக்கும் போய்த் திரும்பினவனும் உண்டு. அவள் மாடிப்படி இறங்கினதை அவன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணினான். பதினாறு படி. கேட்டுச் சத்தம். விரல்களில் குழம்பு காய்ந்தது. முதலில் கூப்பிடுகிறவன் தோற்றவன், அதுவும் கடைப் பாடம்தான், எட்டு நாள் கூப்பிடாமல் பல்லைக் கடித்தான். ஒன்பதாவது நாள் போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை. பிறகு கோர்ட்டு. அவள் எதையாவது கேட்பாள், அவன் முடியாது என்பான், இழுத்தடித்து ஒரு வருஷமாவது ஓட்டலாம், ஒரு வருஷம் மாசாமாசம் அந்த முகத்தைப் பார்க்கலாம் என்று வக்கீலைக்கூட அதற்குத் தகுந்தாற்போல்தான் பிடித்திருந்தான். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. வீடு வேண்டாம், நகை வேண்டாம், எதுவும் வேண்டாம். கேட்காத ஆளிடம் எப்படி ஐயா பேரம் பேசுவது?

"சார், நீங்க மேடத்துக்குச் சொந்தமா?" தாமதமாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பெண் கிசுகிசுத்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, நஸ்ரின், ஆராய்ச்சி மாணவி. சொந்தமா? "லெட்டர் வந்துச்சு" என்றான். "லெட்டரா? எங்களுக்கெல்லாம் மேடம் வாட்ஸ்அப்தான் போட்டாங்க." பார்த்தாயா. ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப், அவனுக்கு மட்டும் லெட்டர். உறையை எடுத்துக் காட்டலாமா என்று கை பைக்குப் போய் அதைப் பாதி வெளியே இழுத்தது. நஸ்ரின் அதைப் பார்த்துச் சிரித்தாள். "ஓ, இந்தக் கவரா! இது எக்ஸாம் செக்‌ஷன்ல போடுறது சார். சேர்றப்ப ஃபாரத்துல எந்த அட்ரஸ் குடுத்தோமோ அதுக்குத் தானாப் போயிடும். எங்க சீனியர் அண்ணன் ஒருத்தருக்கு, அவர் எப்பவோ காலி பண்ணின மேன்ஷன் ரூமுக்குப் போயிடுச்சு. அங்க புதுசா இருந்தவர் வந்து முன்வரிசையில உக்காந்து சமோசா சாப்பிட்டுட்டு, நல்லா பேசினீங்க தம்பின்னு கை குடுத்துட்டுப் போனாரு." அவனும் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம், சிரித்துத்தானே ஆக வேண்டும். தானாப் போயிடும். அப்படியென்றால் அந்த ஃபாரத்தை அவள் எழுதினபோது எங்கே உட்கார்ந்து எழுதினாள்? அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான். அவன் கடைக்குப் போனபிறகு, அவனுக்குச் சொல்வதற்கு முன்னால். முகவரி என்ற இடத்தில் வீட்டு எண்ணை எழுதியிருக்கிறாள், கணவர் பெயர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதியிருக்கிறாள். எழுதும்போது அந்த வீட்டில் இருந்தாளே, அதில் பொய் இல்லையே. ஆனால் அது ஆறு வருஷத்துக்கு முன்னால் அனுப்பினது. இன்றைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனாலும் அவள் மாற்றியிருக்கலாமே, மாற்றவில்லையே. விட்டுவைத்தாளா, விட்டுப்போச்சா. முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று வந்தான், ஒரு மணி நேரமாகப் பார்க்கிறான், முகம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுவிட வேண்டியதுதான். இத்தனை பேர் நடுவில் எப்படிக் கேட்பது?

தேர்வாளர் கேரளாவிலிருந்து வந்தவர், அரைமணி நேரம் ஆங்கிலத்தில் குடைந்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. கடைசியில் ரங்கபாஷ்யம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சம்பிரதாயத்துக்கு, "பப்ளிக் யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். அவர் காகிதங்களை அடுக்க ஆரம்பிப்பதற்குள் தணிகாசலம் எழுந்துவிட்டான். எழுந்தபிறகுதான் எழுந்தது தெரிந்தது. கடைக் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "எனக்கு ஒண்ணு கேக்கணும். அனுப்பினது எதுன்னு கண்டுபிடிக்கிறீங்க, சரி. அனுப்பினாங்களா இல்லையான்னு எப்படித் தெரியும்? யாருமே எதுவும் அனுப்பல, சும்மா இரைச்சல் மட்டும் வந்து விழுதுன்னு வைங்க. அப்ப உங்க மிஷின் என்ன சொல்லும்?" கேரளாக்காரர் நாற்காலியோடு திரும்பினார். "கொள்ளாம். நல்ல கேள்வியாக்கும்" என்றார். அவள் சிவப்புப் பொட்டை அணைத்தாள். கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல், மறுபடி போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "அதுக்குத் தெரியாது சார்" என்றாள். "யாரோ அனுப்பியிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டுத்தான் என் முறையே ஆரம்பிக்குது. யாரும் அனுப்பலைன்னாலும் அந்த இரைச்சலுக்குப் பக்கத்துல ஏதாவது ஒரு புள்ளி இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு, இதைத்தான் அனுப்பினாங்கன்னு சொல்லும். ஒண்ணும் வரலைன்னு சொல்ல அதுக்குத் தெரியவே தெரியாது. அனுப்பினாங்களான்னு பார்க்க, இதுக்கு முன்னாடியே வேற ஒண்ணு வைக்கணும். அது என் ஆராய்ச்சியில இல்ல சார்." அவன் உட்கார்ந்தான். மூன்றாவது வரியில் புகாமல் கடைசிவரை கேட்டுவிட்டோம் என்று முட்டாள்தனமாக ஒரு நினைப்பு வந்தது. சார். முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று. நடுவில் இல்லை. நடுவில் ஏன் இல்லை?

தேர்வாளர்கள் கலந்து பேசிப் பத்து நிமிஷத்தில் முடிவு சொல்வார்கள், அதுவரை எல்லாரும் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். அதுதான் வழக்கமாம். வராந்தாவில் கேன்டீன்காரர் ஒரு பெஞ்சில் டீக் கேனும் தட்டுகளும் பரப்பியிருந்தார். "எடுத்துக்கோங்க சார், மேடம் ஸ்பெஷலா சொன்ன மைசூர்பா" என்று ஒரு கையில் காகிதத் தட்டையும் மறு கையில் கப்பையும் திணித்துவிட்டார். வெயில் தரையில் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. அவள் நஸ்ரினிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வருகிறாள். அவனை நோக்கித்தான் வருகிறாள், பின்னால் வெறும் சுவர்தான், வேறு யாருமில்லை. கிட்டத்தில் அவள் சின்னவளாகத் தெரிந்தாள். "லெட்டர் அங்க வந்துதா?" என்றாள். "ம்." "சேர்றப்ப குடுத்த அட்ரஸ். அது இன்னும் அங்க இருக்குங்கிறதே எனக்கு மறந்துபோச்சு." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, அதை ஒரு நுனியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசியிருப்பான், நாலு வார்த்தை ஏறிப் பேசியிருப்பான், ஏதாவது ஒரு விலையில் வந்து நின்றிருக்கும். அவள் குரலில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. மறதியைச் சொல்கிறவர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னாள். "அதனாலென்ன" என்றான். "கிண்டியில ஒரு பார்ட்டியைப் பார்க்க வந்தேன். பக்கத்துலதானேன்னு அப்படியே..." "ஓ" என்றாள். "நல்லா பேசின" என்றான், எங்கிருந்தோ எடுத்து. அவள் தலையசைத்தாள். "டீ ஆறிடும், குடிங்க."

கதவு திறந்தது. "சுகந்தி மேடம், வரச் சொல்றாங்க. எல்லாரும் உள்ள வாங்க." அவள் போனாள். மற்றவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். டீ ஆறிடும் குடிங்க. யாரும் யாருக்கும் சொல்வதுதான், கேன்டீன்காரர்கூடச் சொல்வார். ஆனால் கேன்டீன்காரர் சொல்லவில்லையே, அவளல்லவா சொன்னாள், குடிங்க என்று. அந்த 'ங்க' இழுத்தாற்போல் இல்லை? இல்லை. இருந்தது. கொஞ்சம். "சார், நீங்க உள்ள போகல?" என்றார் கேன்டீன்காரர். "போறேன், போறேன்" என்றான், நின்ற இடத்திலேயே. உள்ளே யாரோ மைக்கில் இரண்டு வரி சொன்னார்கள், 'டாக்டர்' என்ற சொல் மட்டும் வெளியே வந்தது, கைதட்டல் எழுந்தது. அவனும் தட்டப் போனான். ஒரு கையில் டீ, ஒரு கையில் தட்டு. எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தான், பெஞ்சு முழுக்கக் கப்புகள், கீழே வைக்கக் குனிந்தால் டீ சாய்ந்தது, நாலு எட்டு நடந்து ஜன்னல் கட்டையைக் கண்டுபிடித்துத் தட்டை வைத்து, கப்பை வைத்து, அது விழாமல் நகர்த்தி வைத்து, இரண்டு கையையும் தூக்கினான். உள்ளே தட்டி முடித்திருந்தார்கள்.